கோப்பையும் பீரிசும்

சல்லிக் கிராமத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்; அவள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவள் கையில் கோப்பை அடியிலிருந்த பீரிசுத் தட்டோடு முட்டிக் கடகடத்தது. அது அப்பாவின் சத்தம்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை பார்த்த அப்பாவுக்கு நாற்பது வயது தாண்டியதும் கை நடுங்கத் தொடங்கியது. பிறகு கதைக்கும்போது நாக் குழறியது. அவருடைய தகப்பனுக்கும் அப்படித்தானாம். பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் விடலாம் என்றார் டொக்டர். அம்மாவால் அந்தச் சந்தேகத்தோடு இருக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்து, யாருக்கு வருமென்று தானே முடிவெடுத்தாள். எனக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் நாடி. தங்கச்சி அம்மாவை உரித்து வைத்தவள்.

தினமும் காலையில் அம்மா குசினியில் விளிம்புவரை நிரப்பிய கோப்பையை என்னிடம் தந்து, "அப்பாட்டக் குடு பிள்ளை, மெல்லப் போ" என்பாள். அவள் கண் என் விரல்களில் இருக்கும். தங்கச்சி சிந்தினால் மட்டும், "அவளுக்கென்ன, அவள் என்னைப்போல" என்று சிரிப்பாள். ஒரு துளியும் சிந்தாத எனக்கு, தங்கச்சியின் அந்தச் சின்ன மூக்கைப் பிய்த்தெடுக்க வேண்டும் போலிருக்கும். அவளுடைய கலியாணத்தன்றும் அப்படித்தான் இருந்தது.

"எத்தினை நாளா இப்பிடி?" என்று கேட்டேன்.

"போன மாரியில இருந்து, அக்கா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

பீரிசில் பாதி சிந்தியிருந்த தேத்தண்ணியை வாங்கினேன். என் கை ஆடவில்லை. நிமிர்ந்தபோது அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவளுடைய மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் இத்தனை வருசமாக அது என்னுடையதாக இருந்தது.