பச்சை அடித்த இன்ஜின்

அந்தப் பச்சையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும்.

ஷார்ஜாவில், மாதிரிக் கட்டடங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. துபாயில் தோண்டிய இடமெல்லாம் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பாத கோபுரங்கள் அதைவிட அதிகம். எழும்பாதவற்றை அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டி, உள்ளே விளக்குப் போட்டு, விற்பனைக் கூடங்களுக்கு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. ஒட்டகம்கூட நிற்காத மணலில் நாங்கள் ஏரி வெட்டுவோம், நீல ரெசின் ஊற்றிப் படகு விடுவோம். சாயம் தோய்த்த பஞ்சைக் கிள்ளி வைத்தால் மரம். குடும்பம் குடும்பமாக வந்து குனிந்து, நம்ம வீடு எந்த மாடி என்று விரல் நீட்டிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்க முடியுமா? பொய்யைச் செய்து கொடுத்ததே நான்தானே.

பட்டறையை நடத்தியவர் திருநெல்வேலிக்காரர். எனக்கும் அந்தப் பக்கம்தான், அதனால் அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். ஒருநாள் அவர் என் மேஜையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். துபாய் ஹோட்டல் ஒன்றுக்குள் அயர்லாந்து பாணியில் மதுக்கூடம் கட்டுகிறார்களாம். கூரைக்குக் கீழே சுவரைச் சுற்றிப் பலகை அடித்து, அதன்மேல் அந்த நாட்டுப் பழைய ரயில் ஒன்று ஓட வேண்டுமாம். பெட்டிக்குள் நீராவி இன்ஜின் செய்வதற்கான கிட் இருந்தது. பித்தளைத் தகடுகள், சக்கரங்கள், ஒரு வரைபடம்.

"பொம்ம ரயிலுதான டே, சட்டுன்னு முடிச்சிரு" என்றார்.

நானும் பொம்மை என்றுதான் தொடங்கினேன். தகடுகளை மடித்து ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கோபுரம் ஒன்றைச் சரிபார்க்க வந்த வயதான வெள்ளைக்கார இன்ஜினியர் என் மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டார். அவர் அயர்லாந்துக்காரர். அவருடைய அப்பா இதே மாதிரி இன்ஜினை ஓட்டியவராம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு புகைப்படத்தோடு வந்தார். கறுப்பு வெள்ளைப் படம். இன்ஜின் படியில் ஒரு காலை வைத்து அவருடைய அப்பா நிற்கிறார்.

கிட்டில் இருந்த அடிச்சட்டம் தப்பு என்று அவர்தான் காட்டினார். அயர்லாந்தில் தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தேகால் அடி. கிட் செய்தவர்களோ, கடையில் எளிதாகக் கிடைக்கும் தண்டவாளத்துக்குத் தோதாகச் சக்கரங்களை நெருக்கி வைத்திருந்தார்கள். அகலமான உடம்புக்குக் குச்சிக் கால். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடிச்சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பித்தளைப் பட்டையில் நானே புதிதாக வெட்டினேன். தண்டவாளத்தையும் நானே பதித்தேன். தகட்டின் பின்பக்கம் மழுங்கிய ஊசியை வைத்துத் தட்டி, ரிவெட் ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகப் புடைக்க வைத்தேன். நான் அதுவரை செய்ததில், நிஜமாகவே இருந்த ஒன்றின் மாதிரி இது ஒன்றுதான். இதையாவது பொய் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

நிறம் மட்டும் படத்தில் தெரியாது. அவரிடம் கேட்டேன்.

"சாம்பல்தான். அந்த ரயில் கம்பெனிக்கு வேறு நிறமே கிடையாது. இன்ஜின், அப்பாவின் சட்டை, எங்கள் ஊர் வானம், எல்லாம் ஒரே சாம்பல்."

முதலில் கலந்த சாம்பலில் நீலம் தூக்கல் என்றார். அடுத்ததில் வெள்ளை கூடிவிட்டது என்றார். பிறகொன்றைத் தகட்டில் தடவிக் காட்டியபோது உள்ளங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுதான்" என்றார். அதையே அடித்து முடித்தேன்.

மதுக்கூடத்தை அலங்கரிப்பவர் வந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அவர் போன பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"அயர்லாந்துன்னா பச்சைதான் வேணுமாம். பக்கத்துல அந்த நாட்டுச் சின்னம், மூணு இலை படமும் ஒட்டணுமாம்."

"அண்ணாச்சி, நிஜ வண்டி சாம்பல்லா? அந்த சாரே சொன்னாருல்லா?"

"நீ என்ன, அந்த வண்டிக்கு கரி அள்ளிப் போட்டவனா? கஸ்டமர் பச்சைங்கான், பச்சை அடி. யல்லா, சீக்கிரம்."

நான் அடிக்க மாட்டேன் என்றேன். அண்ணாச்சி அதற்காகக் கோபப்படக்கூட இல்லை. ஸ்ப்ரே அடிக்கும் பெங்காலியைக் கூப்பிட்டு, "பாய், ஜல்தி" என்றார். வில்லாத் தொகுதி ஒன்றின் புல்வெளிக்குக் கலந்த பச்சை ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. அதையே என் இன்ஜின்மேல் அடித்தார்கள். நான் தட்டித் தட்டி எழுப்பிய ரிவெட்டுகள் பெயிண்டுக்குள் மூழ்கின. தங்க நிறத்தில் மூன்று இலை ஸ்டிக்கர் வேறு. இல்லாத வீட்டின் இல்லாத புல்லைக் கொண்டுவந்து, இருந்த இன்ஜின்மேல் அப்பிவிட்டார்கள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

திறப்பு விழாவன்று ஒரு வளைவில் ரயில் சிக்கிக்கொண்டது என்று அண்ணாச்சி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே பீர் நாற்றமும் சென்ட் நாற்றமும் கலந்து அடித்தன. எல்லோர் தலையிலும் பச்சைக் காகிதத் தொப்பி. ஏணியில் ஏறி வளைவைச் சரிசெய்தேன். ரயில் ஓடியது. கூட்டம் கை தட்டியது. இறங்கும்போது பார்த்தால், ஏணிக்குக் கீழே அந்த இன்ஜினியர் நிற்கிறார், அவர் தலையிலும் தொப்பி. கண் கலங்கியிருந்தது. பூசிய பச்சையைப் பார்த்து மனம் நொந்துவிட்டார் என்று நினைத்தேன். என் பக்கம் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்றிருந்தது.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"அப்படியே அப்பாவின் வண்டி. இதே பச்சை. அவர் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்."

"சாம்பல் என்றீர்களே சார். நீங்கள்தானே பார்த்துப் பார்த்துச் சரி சொன்னீர்கள்?"

"நானா?" அவர் கேலி செய்யவில்லை. நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லையில்லை, பச்சைதான். சின்ன வயதில் எத்தனை தடவை அதில் ஏறியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

நான் அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது கறுப்பும் வெள்ளையும்தான்.

அடுத்த வாரம் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போகப் போவதாகவும், பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லி, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த பச்சை இன்ஜினை செல்போனில் படம் எடுத்தார்.

"கலாஸா டே, முடிஞ்சுதா?" என்று அண்ணாச்சி வாசலிலிருந்து சத்தம் போட்டார். ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும், வாயில் ஊறியிருந்த கசப்பைக் காறித் துப்பினேன். அந்த இன்ஜின் சாம்பல் நிறம் என்பதற்கு இனி நான் ஒருவன்தான் சாட்சி. நான் அயர்லாந்துக்குப் போனதே கிடையாது.