பதினைந்து வாட் சிக்கனம்

மகளுக்கு லேப்டாப் வாங்கத் தஞ்சாவூர் போனபோது எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாத விஷயங்களில் உறுதியாக முடிவெடுப்பது என் நெடுநாள் பழக்கம்.

அவள் கட்டடக் கலை படித்து முடித்திருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்குச் சென்னை நிறுவனம் தேர்வு வைத்திருந்தது. அவர்கள் அனுப்பும் வரைபடத்தை வைத்து, வாசலிலிருந்து மொட்டைமாடி வரை வீட்டுக்குள் நடந்துபோவது போன்ற வீடியோவை நான்கு மணி நேரத்தில் செய்து அனுப்ப வேண்டும்.

கடைக்காரர் இரண்டு லேப்டாப்புகளை எடுத்து வைத்தார். "இது நாப்பத்தஞ்சு வாட் பிராசஸர் சார். கரண்ட்ட நல்லா குடிக்கும். சத்தமும் போடும். இது ஸ்லிம்மு, பதினஞ்சு வாட்தான். சார்ஜ் நாள் பூரா நிக்கும்."

நான் கடைமடைக்காரன். ஆற்றில் தண்ணீர் திறந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே உள்ளவர்கள் நடவையே முடித்திருப்பார்கள். குறைவாகக் குடிப்பது நெல்லானாலும் மோட்டாரானாலும் எங்களுக்கு உத்தமம். என் கை தானாக மெல்லியதை எடுத்தது.

"அப்பா, அது வேணாம்பா. கனமா இருக்கே, அதுதான் என் வேலைக்கு ஆகும்."

"மூணு மடங்கு கரண்ட் குடிச்சா மூணு மடங்கு வேலை பாக்குமா?"

"பாக்காது. ஆனா நிதானம் தப்பாம கடைசி வரைக்கும் பாக்கும். இது கொஞ்ச நேரத்துல சூடாகிப் படுத்துடும்."

"ரெண்டுலயும் பிராசஸர் பேரு ஒண்ணுதானே போட்டிருக்கான்?"

"சார் பாயிண்ட்டா கேக்குறாங்க" என்றார் கடைக்காரர். அலமாரி நிறையப் புத்தகம் படித்த என்னைக் கவிழ்க்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மெல்லியதையே வாங்கினேன்.

தேர்வன்று முதல் பத்து நிமிடம் லேப்டாப் பறந்தது. "பாத்தியா!" என்றேன். பிறகு அதன் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. அந்த ஒல்லி உடம்பில் சூடு வெளியேற வழியில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனது. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஈரத் துண்டோடு வந்தேன்.

"துண்ட எடுங்கப்பா! தண்ணி உள்ள போயிடும். தயவு செஞ்சு வெளிய போங்க."

நான்கு மணி நேரம் முடிந்தபோது வீடியோ சமையலறை வாசலில் நின்றிருந்தது. மாடிப்படி இன்னும் வரவில்லை. பாதி வீட்டை அந்த நிறுவனம் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்னொரு வாய்ப்பும் தரவில்லை.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லி ஆறியிருப்பேன். தினமும் பஸ் ஏறி ஒரத்தநாட்டில் பிளான் போடும் ஆபீசுக்குப் போனாள். வங்கிக் கடன் கேட்பவர்களுக்கு மாட்டுக்கொட்டகை பிளான் வரைந்தாள்.

போன வாரம் சொந்தச் சம்பளத்தில் கனமான லேப்டாப் ஒன்று வாங்கி வந்தாள். என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்தவன் போல அதைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வெயிட்டும்மா" என்றேன்.

"குடுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.