பாய் கழற்றாமல் வைத்திருந்த ரேடியேட்டர்

செய்தி வந்தபோது நான் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்கள் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். இடையஞ்சாவடி ஏழுமலை போனில் கூப்பிட்டார். வழக்கமாக அவர், "அண்ணே, வண்டி ஒரு மாதிரி சத்தம் போடுது" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணே, பாய் பூட்டாருண்ணே. கடைய தொறக்கும்போது நெஞ்சு வலின்னு உக்காந்திருக்காரு. டீச்சர் வண்டியிலதான் திண்டிவனம் இட்டுனு போனாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

"எந்த பாய்?" என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். மரக்காணம் கடைத்தெருவில் பாய் என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஏழுமலைக்கும் மல்லிகா டீச்சருக்கும் எனக்கும் ஒரே ஒரு பாய்தான் இருந்தார்.

ஜவுளிக் கடை சாகுல் ஹமீது அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொஞ்சம் குள்ளமான மனிதர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு இஞ்சு டேப். கடையை மூடிய பிறகும் அந்த டேப்பைக் கழற்ற மறந்துவிடுவார். சவூதியில் பல வருடம் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிவிட்டு, ஊர் திரும்பித் துணிக்கடை வைத்தவர். அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. சாயம் போகாது என்று அவர் சொல்லிக் கொடுத்த துணி சாயம் போய்விட்டால், வாங்கியவர் வந்து சண்டை போடும்வரை காத்திருக்க மாட்டார். வெளுத்துப்போன அந்தச் சட்டையைத் தெருவில் பார்த்தாலே போதும், வேறு துணியை எடுத்துக்கொண்டு அந்த ஆளின் வீட்டுக்கே போய்விடுவார். "நான் சொல்லித்தானே எடுத்தீங்க" என்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

சவூதியில் அவர் ஓட்டியது ஒரு கொரியக் கம்பெனியின் கார். அந்தக் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குக் கோபம் வந்து இந்த அஞ்சலி கெட்டுவிடும். அவர்கள் இந்தியாவுக்கு வந்து, வடக்கே ஒரு பழைய தொழிற்சாலையைப் பிடித்து, முதலில் ஒரு நீளமான பெரிய காரும், பிறகு எங்களைப் போன்றவர்களுக்கென்று மலிவு விலையில் ஒரு சின்னக் காரும் விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சின்னக் காரை முதலில் வாங்கியவர் பாய்தான்.

"ஏம்பா தணிகாசலம், தொடக்கத்துல அவங்களும் துணி வியாபாரிங்கதாம்பா. துணி ஏத்துமதி பண்ணினு இருந்தவங்க, அப்புறம் கப்பல் கட்டினாங்க, டிவி செஞ்சாங்க, இப்ப கார் செய்யிறாங்க. துணிக்காரன் ஏமாத்த மாட்டான்" என்று என்னிடம் சொன்னார். நான் அதை நம்பினேன். ஏமாற்றாத துணிக்காரர் என்று எனக்குத் தெரிந்தது அவர் ஒருவரைத்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் பேச்சைக் கேட்டு மூன்று பேர் அதே காரை வாங்கினோம். நான் ஒருவன். கடைத்தெரு வழியாகத் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் மல்லிகா டீச்சர் இன்னொருவர். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு இடையஞ்சாவடியிலிருந்து வாடகைக்கு ஓட்டும் ஏழுமலை மூன்றாவது. எங்கள் மூவருக்கும் பாய் ஒரே வாக்கைத்தான் கொடுத்தார்: "இந்த வண்டி உங்கள ரோட்டுல விடாது. விட்டா என்னக் கேளுங்க."

வாங்கிய புதிதில் என் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். கார் பளபளவென்று இருக்கட்டும் என்று உப்பளத்துக் கிணற்றுத் தண்ணீரிலேயே அதைக் கழுவி வெயிலில் நிறுத்திவிட்டார்கள். காய்ந்ததும் கூரையிலிருந்து சக்கரம்வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "கருவாடா போடப்போற?" என்று கேட்டார். அதற்கப்புறம் என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் இரும்பை வைத்துக்கொள்ளத் தெரியாதவனிடம் காரை வாங்கச் சொல்லிவிட்டோமே என்று அவருக்குத் தன் மேலேயே கோபம்.

அப்படித்தான் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. ஜும்மா தொழுகை முடிந்து அவர் வருகிற நேரத்துக்கு மூன்று பேரும் வண்டியோடு கடைக்குப் பின்னால் போய்விட வேண்டும். டீச்சர் மதிய இடைவேளையில் வருவார். பாயின் கிணற்றில் நல்ல தண்ணீர். நான்கு வண்டிகளும் அங்கே குளிக்கும். அது முடியும்வரை கார்களின் குணம் குற்றங்களை அலசுவோம். ஏ.சி. போட்டால் உப்பளத்து வெயில் மறந்துபோகும், ஆனால் டிக்கியில் இரண்டு மூட்டை வைத்தால் மூச்சுத் திணறுகிறது என்பது என் கட்சி. சீட் உயரமாக இருப்பதால் சேலை கசங்காமல் ஏறி இறங்கலாம், ஸ்டீரிங் பஞ்சு மாதிரி, ஆனால் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது என்பார் டீச்சர். காலை நீட்ட இடம் இருப்பதால் வெள்ளைக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள், ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் அடி தட்டுகிறது என்பார் ஏழுமலை. குற்றங்களுக்கு மட்டும் பாய் பதில் சொல்லிக்கொண்டே வருவார். கொரியாவில் அவர் பெயரில் பாதிப் பங்கு இருப்பது போலப் பேசுவார்.

அப்புறம் அந்தக் கம்பெனி கவிழ்ந்தது. கொரியாவில் கடன் முற்றிப் பல துண்டாக உடைந்ததாகவும், கார் பிரிவை வேறு நாட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டதாகவும், இந்தியத் தொழிற்சாலையை மட்டும் சீந்த ஆளில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின. புதுச்சேரியில் நாங்கள் சர்வீஸ் விட்ட இடத்தில் போர்டை இறக்கிவிட்டு வேறு கம்பெனி போர்டை மாட்டினார்கள். விற்கலாம் என்று ஏழுமலை விசாரித்தபோது புரோக்கர், "பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க" என்றாராம். இதை ஏழுமலை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாய் சிரிக்கவில்லை. கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, எக்கியார்குப்பத்திலிருந்து குழந்தைகளையும் கிழவிகளையும் ஏற்றிக்கொண்டு பாயின் கார் மேட்டுப் பக்கத்துக்கும் குப்பத்துக்குமாக அலைந்தது. அவருடைய வண்டியைப் பற்றி நான் நல்லதாக நினைத்த நாட்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகு அவர் வண்டியை வெளியே எடுக்கவில்லை. "உப்புத் தண்ணி ஏறிடுச்சு, கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்று துணிக் குடோனில் நிறுத்தி, காடாத் துணியில் தைத்த பெரிய உறையைப் போட்டு மூடினார். எங்கே போவதானாலும் பஸ்ஸில் போனார்.

அடுத்த வருடம் எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றாக மக்கர் செய்யத் தொடங்கின. என் காரில் பெட்ரோல் பம்ப் போனது. எந்தக் கடையிலும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பாயிடம் புலம்பினேன். சில நாளில் ஜவுளிக் கடைப் பையில் ஒரு பம்போடு வந்து நின்றார். "சென்னையில தெரிஞ்ச ஆளு குடுத்தான்" என்றார். ஏழுமலைக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. டீச்சருடைய காரை லாரி உரசிக் கதவு நசுங்கியபோது முழுக் கதவே வந்தது. சென்னையில் இவருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று நாங்கள் வியந்தோம்.

டீச்சர் ஒருநாள் அந்தக் கதவின் பையில் சில்லறை தேடியபோது கையில் ஒரு இஞ்சு டேப் சிக்கியது. அதை எடுத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்கு வந்தார். "சார், இது பாயோட கதவு" என்றார். இருவரும் குடோனுக்குப் போனோம். பாய் கடையில் வியாபாரத்தில் இருந்தார். நான் காடாத் துணியைத் தூக்கினேன். கதவு இல்லை. கண்ணாடி இல்லை. விளக்குகள் இருந்த இடம் குழியாக இருந்தது. உள்ளே ஒரு சீட் மட்டும் கிடந்தது. கழற்றிய இடங்களிலெல்லாம் துரு பிடிக்காமல் கிரீஸ் தடவி, துணியால் கட்டு போட்டிருந்தார்.

பாய் பின்னால் வந்து நின்றது எங்களுக்குத் தெரியவில்லை.

"ஏழுமலைக்குச் சொல்லிடாதீங்க. வாய் ஓட்டை அவனுக்கு" என்றார்.

"ஏன் பாய் இப்படிப் பண்றீங்க? உங்க வண்டி இது" என்றார் டீச்சர்.

"நான் சொல்லித்தானேம்மா வாங்கினீங்க." பிறகு முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். "எஞ்சின் இருக்குது பாருங்க. ரேடியேட்டர் புதுசு. சர்வீஸ்காரன் போர்ட இறக்குறதுக்கு முன்னாடி கடைசியா போட்டது. இது ரெண்டும் இருக்கிறவரைக்கும் வண்டி உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். மத்தத இன்ஷா அல்லாஹ் ஒருநாள் சேத்துக்கலாம். இதுல மட்டும் கை வைக்க மாட்டேன்."

அவரை நான் கடுமையாகத்தான் திட்டினேன். கம்பெனிக்காரனே கைகழுவிவிட்டுப் போன பிறகு உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அவர் காடாத் துணியை இழுத்து மூடி, ஓரங்களைச் செருகினார். "அவன் மரக்காணத்துல குடியிருக்கல தணிகாசலம். நான் இருக்கிறேன். டெய்லி உங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்" என்றார்.

அன்று திரும்பும்போது டீச்சரும் நானும் ஒரு முடிவு செய்தோம். இனி எங்கள் வண்டிகளில் எந்தக் கோளாறு வந்தாலும் பாயின் காதுக்குப் போகக் கூடாது. மிச்சமிருப்பதாவது அவருக்கு இருக்கட்டும். அடுத்த வெள்ளியிலிருந்து எங்கள் பேச்சே மாறிவிட்டது. "வண்டி தங்கம் பாய்" என்பேன். "ஒரு குறையும் இல்ல பாய்" என்பார் டீச்சர். விஷயம் தெரியாத ஏழுமலைக்கு நாங்கள் ஏன் திடீரென்று இப்படிப் புகழ்கிறோம் என்று புரியவில்லை. பாய்க்கு மட்டும் முகம் மலர்ந்துவிடும். அந்த முகத்துக்காக நாங்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்தே புளுகினோம். இந்த வருடம் பிறந்ததிலிருந்து டீச்சருடைய காரில் ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. டிக்கியில் தண்ணீர்க் கேனோடுதான் அவர் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

அந்தக் காலையில் பாய் கடை ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த டீச்சர் பார்த்து நிறுத்தினார். பாயின் துணைவியார் ஜொகரா அம்மா ஓடிவந்து, பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கார் திண்டிவனம் சாலையில் பறந்தது. பெருமுக்கல் மலைக்கு எதிரே வரும்போது சூட்டு முள் மேலே ஏறி, முன்பக்கமெல்லாம் ஆவி கிளம்பியது. டீச்சர் நிறுத்த வேண்டியதாயிற்று. கேனில் இருந்ததை ஊற்றினார். போதவில்லை. பக்கத்துக் கொல்லை மோட்டாரிலிருந்து ஒருவர் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்.

அப்போது பாய் கண்ணைத் திறந்திருக்கிறார்.

"டீச்சரம்மா, எத்தினி நாளா இப்பிடி?"

"இன்னிக்கித்தான் பாய். இப்பத்தான்."

அவர் நம்பினாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு, "நம்ம வண்டியில ரேடியேட்டர் இருக்குது. நாளைக்குக் கழட்டி மாட்டிக்கலாம்" என்றாராம்.

அதற்குப் பிறகு அவர் எங்களில் யாரிடமும் எதுவும் பேசவில்லை. கலிமாவை ஜொகரா அம்மாதான் அவர் காதில் சொன்னார். இன்னும் முன்னால் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டீச்சர் அதை ஏற்கவில்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்ற பொய்யை இருவரும் சேர்ந்துதான் சொன்னோம். அதனால் டீச்சரைக் குற்றம் சொல்ல வருகிறவர்கள் முதலில் என் வீட்டுக்கு வரட்டும்.

அன்று மாலை கபர்ஸ்தானுக்குத் தோளில்தான் கொண்டுபோனோம். எனக்கும் கொஞ்ச தூரம் தோள் கொடுக்க இடம் விட்டார்கள். கனமே இல்லை. உடலில் சுற்றியிருந்த கஃபன் துணி அவர் கடையிலேயே எடுத்தது. வழியில் ஏழுமலை என் பக்கத்தில் வந்து, "இனிமே பார்ட்ஸுக்கு என்னண்ணே பண்றது" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே தேம்பித் தேம்பி அழுதார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சில நாள் கழித்து ஜொகரா அம்மா டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் இறந்தபின் வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் அந்த அம்மா இருந்ததால் டீச்சர் மட்டும் உள்ளே போனார். நானும் ஏழுமலையும் வாசலில் நின்றோம். கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"நாளைக்குன்னு சொன்னாரும்மா. நாள் தாண்டிடுச்சு. கழட்டினு போங்க."

"வேண்டாம்மா. அத மட்டும் கழட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தாரு. அது இருந்தாத்தான் வண்டி உசுரோட இருக்குதுன்னு சொன்னாரு."

"அவரே இல்ல. வண்டிக்கு எதுக்கும்மா உசுரு? அவரு சொன்ன சொல்லு நிக்கட்டும்."

ஏழுமலைதான் கழற்றினார். பாய் மற்ற இடங்களில் செய்திருந்தது போலவே, கழற்றிய இடத்தில் கிரீஸ் தடவித் துணி கட்டினார். காடாத் துணியை இழுத்து மூடும்போது அது முன்னைப் போல நிற்கவில்லை. முன்பக்கம் குழிந்து விழுந்தது. அந்தக் குழியை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பாவைப் பார்க்கக் கூட வரமுடியாமல் சவூதியில் இருக்கும் பாயின் மகன், அந்த வண்டியை அப்படியே விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்.

நேற்று டீச்சரோடு, அந்த ரேடியேட்டர் மாட்டிய அவர் வண்டியில் திண்டிவனம் போனேன். பெருமுக்கல் மலை கண்ணில் பட்டது. அந்தக் கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சூட்டு முள் நடுவில் ஆடாமல் நின்றது. டீச்சர் வேகத்தைக் குறைத்து, "கொஞ்சம் நிறுத்தட்டுமா சார்? ஒரு துஆ மாதிரி எதையாவது சொல்லிட்டுப் போவோம்" என்றார். எனக்கும் இறங்க வேண்டும் போல்தான் இருந்தது.

"வேணாம் டீச்சர். நிறுத்தாதீங்க" என்றேன்.

பாய், நீங்கள் சொல்லி வாங்கிய வண்டி அந்த இடத்தில் நிற்காமல் போனது.