மண்கும்பான் மேடும் ஒரு துண்டு பனங்கட்டியும்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுப்பக்கம் வந்தால் நிலம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடக்கும். மேடு என்று சொல்ல இருப்பவை மண்கும்பானில் லொறிகள் அள்ளியது போக மிஞ்சிய மணல் மேடுகள் நாலு. வீட்டு வாசல் படலையில் தொடங்கி, அந்த நாலையும் ஏறி இறங்கி, கடற்கரையால் வளைந்து திரும்பி வந்தால் ஒரு சுற்று. ஐம்பத்துமூன்று வயதில் அந்தச் சுற்றில் நான் ஓடத் தொடங்கினேன். ஓடினேன் என்பது என் வார்த்தை. பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

காரணம், என் நீரிழிவைப் பார்த்த கிளினிக்கின் பெண் டொக்டர். "மூண்டு மாதம் தாறன். சீனி இறங்காட்டில் ஊசிதான்" என்றார். என் அப்பாவின் கடைசி வருடங்கள் ஊசியோடு போனவை. மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் மருந்துக் குப்பியை ஈரமணலில் புதைத்த மண் முட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினோம். குப்பியைக் காப்பாற்றினோமே தவிர, அவருடைய இடது காலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே எனக்கு ஊசியில் இருந்த பயம் வெறும் கோழைத்தனம் அல்ல. கோழைத்தனமும் கொஞ்சம் இருந்தது.

ஓட்டத்தைப் பற்றி நிறைய வாசித்தேன். மூச்சை எப்படி விடுவது, குதிக்காலை எப்படி வைப்பது எல்லாம் எனக்குத் தெரியும். தீவில் ஓடுகிறவனைக் கண்டால் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் என்பதை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. "அண்ணை, பஸ்ஸை விட்டிட்டியளே? ஏறுங்கோ!" வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். முதல் வாரம் என் சுற்றில் பாதியை நான் பின் சீற்றில் இருந்துதான் முடித்தேன்.

நாலாவது மேடுதான் பெரியது. ஏறினால் கால் புதையும். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே வழுக்கும். அதன் அடிவாரத்தில் ஒரு அக்காவின் வீடு. அறுபது வயதிருக்கும். விடியவே முற்றத்தில் இருந்தபடி பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருப்பார். முதல் நாள் நான் மேட்டிலிருந்து விழுந்தடித்து இறங்க, கிழங்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, ஆரைப் பிடிக்க ஓடுறீர்?"

"ஒருத்தரையும் இல்லை அக்கா."

"அப்ப ஆர் துரத்துறது?"

"டொக்டர்."

என்னைத் தம்பி என்று கூப்பிட ஊரில் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே உட்கார்ந்தேன். தேத்தண்ணி வந்தது. சீனி வருத்தம், சீனி வேண்டாம் என்றேன். "அது தெரியாதே எனக்கு?" என்று பனையோலைக் குட்டானிலிருந்து ஒரு பெரிய துண்டு பனங்கட்டியை உடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதைக் கடிச்சுக்கொண்டு குடியும். சீனி கடையிலை வாறது. இது மரத்திலை வாறது. ஒண்டும் செய்யாது."

நான் தலையாட்டினேன். இவ்வளவு வாசித்தவன் எப்படித் தலையாட்டினாய் என்று கேட்காதீர்கள். பனங்கட்டி சீனியில் சேராது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிற விஷயம். நானும் அந்த நம்பிக்கையிலேயே பல் முளைத்தவன். அதிலும், வாய்க்கு இனிக்கிற நம்பிக்கையை யார் போய்ச் சோதித்துப் பார்ப்பது? தினமும் நாலு மேடு, கடைசியில் ஒரு துண்டு. சில நாள் இரண்டு.

ஆறு கிழமையில், டொக்டர் தந்த தவணையின் பாதியில், சோதித்தார்கள். சீனி ஏறியிருந்தது.

"என்ன சாப்பிடுறியள்?" என்றார் டொக்டர். எல்லாம் சொன்னேன். குரக்கன் பிட்டு, கீரை, மீன்.

"தேத்தண்ணிக்கு?"

"சீனி தொடுறேல்லை டொக்டர். பனங்கட்டி மட்டும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். என்னை அல்ல, வாசித்து வாசித்துத் தடித்த என் மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் பார்த்தார். "அண்ணை, அதுவும் சீனிதான். இன்னும் ஆறு கிழமை இருக்கு. பிறகு நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

அடுத்த நாள் மூன்றாவது மேட்டோடு திரும்பிவிட்டேன். அக்காவின் கையை மறுக்க எனக்கு வாய் வராது. மறுத்தால் அவர் மனம் நோகும். ஆனால் நாலாவது மேட்டை விட்டால் என் ஓட்டத்தில் ஓட்டம் என்று எதுவுமே இல்லை. மூன்று நாள் இப்படி ஒளிந்து ஓடினேன். நாலாம் நாள் அவர் றோட்டில் வந்து நின்றார்.

"தம்பி, எங்கடை பக்கம் வாறேல்லை. நான் என்ன பிழை செய்தனான்?"

ஊசி, அப்பாவின் கால், பனங்கட்டி, எல்லாவற்றையும் மூச்சிரைக்கச் சொன்னேன். அக்கா இடுப்பில் கையை ஊன்றினார். பிறகு, "அந்த டொக்டர் பிள்ளை பனங்கட்டி காய்ச்சினவவோ?" என்றார்.

"இல்லை அக்கா. ஆனா மெஷின் பொய் சொல்லாது."

"ஆறு கிழமை என்ரை கையாலை தந்திருக்கிறன். கிளினிக்காலை வந்த அண்டைக்கே இதைச் சொல்ல வாய் இல்லையே உமக்கு?" அவர் குரல் ஒரு கணம் தளர்ந்தது. உடனே நிமிர்ந்தார். "சரி, நடவும். மேட்டை விடாதையும். எவ்வளவு நாள் இருக்கு?"

அன்றிலிருந்து வெறுந்தேத்தண்ணி. ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. கிழங்கு கிழித்தபடியே ஒரு கண்ணை மேட்டில் வைத்திருப்பார். "பாதியிலை நிண்டனீர், நான் கண்டனான். திரும்ப ஏறும்!" "மூச்சு விட ஏலேல்லை அக்கா!" "கதைக்க ஏலுது தானே, ஏறும்!" யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் கிழங்கைக் கையில் பிடித்தபடியே கத்துவார்: "அவரை ஏத்தாதையும்! அவர் ஓட வந்தவர்!" எனக்குத் தெரிந்த ஓட்டப் புத்தகங்களில் இல்லாத பயிற்சி முறை அது.

கடைசிச் சோதனை முடிந்து கிளினிக் துண்டோடு நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஊசி இப்போதைக்கு வேண்டாம், விழுங்குகிற குளிசையே போதும் என்று டொக்டர் எழுதியிருந்தார். எப்படி இறக்கினீர்கள் என்று டொக்டர் கேட்டபோது, ஓடினேன் என்றேன். முழு உண்மை அல்ல. ஓட வைத்தார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் இரண்டு காலுக்கும் இன்றைக்கும் அந்தக் கடன் கணக்குத் தெரியும்.

"இறங்கிட்டுதே?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

கிளினிக் துண்டை இரண்டு முறை பார்த்தார். உள்ளே போய் தேத்தண்ணியும் குட்டானுமாக வந்தார். ஒரு பெரிய துண்டு பனங்கட்டியை உடைத்தார். நான் பதறி எழுந்தேன்.

"அக்கா, வேண்டாம்!"

"இரும் தம்பி. இது எனக்கு" என்று வாயில் போட்டுக்கொண்டார்.

நான் என் வெறுந்தேத்தண்ணியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. சரி, நன்றாக இருந்தது என்று சொல்லும் அளவுக்கு நன்றியோடு இருந்தேன்.