அப்பா ருசி பார்க்காத இஞ்சி வீடு

என் அப்பா சுவாம்பிள்ளை இருபத்தாறு வருடம் இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா பகுதியில் ஒரே முதலாளியம்மாவிடம் சமையல் வேலை செய்தார்; அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு மார்கழியும் என் பிள்ளைகள் மொனிகா, றொஜருடன் இஞ்சி பிஸ்கற்றில் வீடு கட்டுவார். சுவர்களைச் சுட்டு, சீனிப்பாணியால் ஒட்டி, பாலன் இயேசுவின் குடிலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

போன மார்கழியில்தான் கவனித்தேன். அப்பா எதையும் வாயில் வைக்கவில்லை. மாவைக் கிள்ளி மொனிகாவின் நாக்கில் வைத்து, "இஞ்சி காணுமோ?" என்று கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் பிசைந்தார். ஏன் என்றதற்கு, நேர்த்திக்கடன் என்றார். பாலன் பிறக்கும்வரை இனிப்புத் தொடமாட்டாராம். எங்கள் குடும்பத்தில் அப்படியொரு நேர்த்தி இருந்ததில்லை. ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் சமைத்து சிஞ்ஞோராவுக்குக் கொண்டுபோகும் மீன் சூப்பையும் பிள்ளைகளிடம்தான் உப்புப் பார்க்கக் கொடுத்தார். மீனுக்கு என்ன நேர்த்தி?

நான் கொதிகலன் திருத்துபவன். பழுது என்றால் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவேன். சீனி வருத்தம் என்று சந்தேகித்தேன். இரத்தம் சோதித்தோம், இல்லை. பல்லோ என்று நினைத்தேன். இறைச்சியை நன்றாகவே மென்றார். ஒளித்துச் சாப்பிடுகிறாரோ என்று அவருடைய அலுமாரியைக்கூடத் திறந்து பார்த்தேன்.

நத்தாருக்கு ஐந்து நாள் இருக்க, மத்தியானமே வேலை முடிந்து வந்தேன். மாடிப்படியிலேயே காஸ் மணத்தது. கதவைத் திறந்தால், மூன்று பேரும் கூரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சீனிப்பாணி பொங்கி நெருப்பை அணைத்திருந்தது, காஸ் வந்துகொண்டேயிருந்தது. குழாயைப் பூட்டினேன். ஜன்னல்களைத் திறந்தேன். பிள்ளைகளைப் பல்கனிக்கு அனுப்பினேன்.

போகும்போது மொனிகா சொன்னாள்: "நான் நாறுது எண்டு சொன்னனான். அப்பப்பாதான் சீனி கருகின மணம் எண்டவர்."

அப்பா கூரைத் துண்டைப் பிடித்தபடி நின்றார்.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

"மூண்டு வருசம். மணமும் இல்லை, ருசியும் இல்லை. சிஞ்ஞோராவுக்குச் சொல்லிப்போடாதை. நாக்குச் செத்த சமையல்காரனை ஆர் வைச்சிருப்பினம்?"

"பிள்ளையளுக்கு ஏதும் நடந்திருந்தா?"

அப்பா துண்டை மேசையில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய், இருவரின் தலையையும் தொட்டுப் பார்த்தார்.

நான் சிஞ்ஞோராவுக்குச் சொல்லவில்லை. மறுநாள் சிஞ்ஞோரா வீட்டுக்குப் போய், காப்புறுதிக்குத் தேவை என்று பொய் சொல்லி, காஸ் கசிந்தால் சத்தம் போடும் கருவி ஒன்றைக் குசினியில் பொருத்தினேன். எங்கள் வீட்டிலும் ஒன்று.

இந்த ஐப்பசியில் அப்பா மாரடைப்பில் இறந்தார். கடைசிக் கிழமைவரை வேலைக்குப் போனார்.

செத்தவீட்டுக்கு வந்த சிஞ்ஞோரா என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, அந்தக் கருவி உண்மையில் எதற்கு என்று கேட்டார். மூன்று நான்கு வருடமாகச் சாப்பாட்டில் உப்பு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சூப் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லையாம்.

காப்புறுதிக்குத்தான் என்று மறுபடியும் சொன்னேன்.