ரோட்டை வெட்டலாம் என்று தனியாகச் சொன்னவர்கள்

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. கரிக்கலாம்பாக்கம் பக்கம், வயலை மனையாக்கி விற்ற ஒரு நகரில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அக்கா குத்தகைக்குப் பயிர் வைக்கும் நிலம் நகரை ஒட்டியே இருக்கிறது. நாங்கள் அலைந்து திரிந்து போட வைத்த சிமென்ட் ரோடு அவருடைய வடிகால் வாய்க்காலை அடைத்துவிட்டதாம். ஓரிடத்தில் வெட்டிக் குழாய் பதித்தால் தண்ணீர் வடிந்துவிடும் என்று கேட்டார்.

எங்கள் நகரில் குப்பை வண்டி முதல் கொசு மருந்து வரை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் முடிவாகும். எதிர்வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று பேசமாட்டோம், குழுவில் மட்டும் விடிய விடியப் பேசுவோம். ரோட்டைத் தொடக்கூடாது என்று அங்கே ஒரே கூச்சல். வயல் என்றால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும் என்று நானும் என் பங்குக்கு எழுதினேன். வெட்டினால் திரும்ப யார் போட்டுத் தருவார்கள் என்ற பயம்தான்.

மறுநாள் பால் ஊற்றும்போது அக்கா கேட்டார்.

"இன்னாம்மா, போன்ல இன்னா முடிவு பண்ணாங்க? பயிரு முழுவிக் கெடக்குது. இன்னும் ரெண்டு நாள் நின்னா அழுவிப்பூடும். நீயாச்சும் ஒரு எட்டு வந்து பாத்துட்டு எழுதேன்."

போனேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் ஓடாமல் வெறுமனே கிடந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? வீட்டுக்கு வந்ததும், நேற்று நான் எழுதியது தப்பு, ரோடுதான் அடைக்கிறது, வெட்டிவிடலாம் என்று குழுவில் போட்டேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நேற்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சா என்றார் ஒருவர். பால் இலவசமாக வருகிறதோ என்றார் இன்னொருவர். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறு செய்திகள் வர ஆரம்பித்தன, குழுவில் அல்ல, எனக்குத் தனியாக. நீங்கள் சொல்வதுதான் சரி, ஆனால் குழுவில் என்னால் சொல்ல முடியாது என்று ஒருவர். அதையே இன்னொருவர். பால் இலவசமா என்று கேட்டவரின் மனைவியும் கூட! அட, இத்தனை பேரும் அங்கே ஆளுக்கு ஒரு வரி எழுதினால் சாயங்காலமே வெட்டிவிடலாமே!

கடைசியாகக் குழுவை நடத்துபவர் போன் செய்தார். ரோட்டுக்காக எல்லோரையும்விட அதிகம் கத்தியவர்.

"நானும் போய்ப் பாத்தேம்மா. அந்த பொம்பள சொல்றது நெஜந்தான். ஆனா இம்மாம் பேசிட்டு இப்ப எப்படி மாத்திப் பேசறது? நாளைக்கு எவன் மதிப்பான் என்னை?"

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் சார் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அன்று மாலை குழுவில் மறுபடியும் எழுதினார், ரோடு நம் உரிமை என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்குத் தனியாக எழுதியவர்களும் அதில் இருந்தார்கள்.

தண்ணீர் தானாக வற்றியபோது பயிர் மொத்தமும் அழுகியிருந்தது. நாற்றம் தெருவரைக்கும் வந்தது. பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லலாமா என்று குழுவில் கேட்டார்கள். அதற்கு மட்டும் எல்லோரும் ஒரே மனதாகச் சம்மதித்தார்கள்.

அக்கா இப்போதும் பால் ஊற்றுகிறார். முடிவு என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. படித்தவர்கள், உங்களுக்கு வயலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருநாள் அவராகவே எங்களுக்குச் சமாதானம் சொன்னார். தெரிந்துதான் விட்டோம், எல்லோருக்குமே தெரிந்திருந்தது என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்றுவரை நா எழவில்லை.