மாடி ஏறாமல் பார்த்த மேகம்

ஒரு மனிதரின் வேலை என்னால் போனது. போனபோது பக்கத்திலேயே நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வழக்கம்போல விஞ்ஞானம் பேசித் தப்பித்துவிடுவேன்!

மூலக்குளத்தில் எங்கள் எதிர்வீட்டு பாஸ்கர் மாடி கட்டுகிறார். போன மாதம் ரூஃப் கான்கிரீட். மிக்ஸர் மெஷின் வந்து சேரவே மதியம் ஆகிவிட்டது. மேலே நின்ற மேஸ்திரி ஏழுமலை குரல் கொடுத்தார்.

“இன்னிக்கு வேணாம் சார். மேக்கால மேகம் தலை விரிச்சிருக்கு. நாளைக்குக் காலைல போட்டுக்கலாம்.”

பாஸ்கர் என்னைப் பார்த்தார். “சார், நீங்க ஃபிசிக்ஸ் புரொபசர். நீங்க சொல்லுங்க, மழை வருமா?”

கேட் அருகே நின்றபடி அண்ணாந்து பார்த்தேன். மாமரத்துக்கும் சன்ஷேடுக்கும் நடுவே ஒரு துண்டு வானம். அதில் தட்டையான அடியோடு நாலு பஞ்சுப் பொதிகள்.

“சாதா கியூமுலஸ், வெறும் பஞ்சு மேகம். மழை வராது. மேஸ்திரிக்கு இன்னிக்கு சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் போல!”

ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை சட்டிகளை எடுத்து வேலையைத் தொடங்கச் சொன்னார்.

வெயிலில் சூடான காற்று மேலே போகும். போகப் போகக் குளிரும். ஓர் உயரத்தில் அதிலுள்ள ஆவி நுண்துளிகளாகும் — மேகத்தின் தட்டையான அடி அந்த உயரம்தான். கொஞ்சம் வளர்ந்து நின்றுவிட்டால் பஞ்சு. நிற்காமல் வளர்ந்தால்...? இனி மேலே போக முடியாத இடத்தில் முட்டி, தலை பக்கவாட்டில் விரியும். அது இடிமழை மேகம். முப்பது வருஷம் கரும்பலகையில் நான் வரைந்த படம்! ஆனால் தலையைப் பார்க்க, தூரத்து வானம் தெரிய வேண்டும். அது மாடியில் தெரிந்தது. எனக்கு முழங்கால் வலி. ஏறவில்லை.

நாலு மணிக்குக் கொட்டியது. போட்ட கான்கிரீட்டில் சிமென்ட் பால் கரைந்து ஓட, ஜல்லி பல்லைக் காட்டியது.

“நாள் பாக்கத் தெரியாதவன்லாம் மேஸ்திரியா? நாளையிலேர்ந்து வராத!” என்று பாஸ்கர் கத்தினார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான்... குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் ஜன்னலுக்குப் போகிறேன். பத்தாம் நாள் பாஸ்கரிடமே போய்ச் சொல்லிவிட்டேன் — தப்பு என்னுடையது, அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று.

பாஸ்கர் தரையைப் பார்த்தார். “அவரு வேணாம்னு சொன்னது எனக்கும் தெரியும் சார். கோவத்துல அத்தனை பேர் முன்னாடி கத்திட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கினு கூப்புடுறது?”

வேறு மேஸ்திரி வந்துவிட்டார். நமக்குத் தீங்கு செய்தவரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுகிறோம். நாம் தீங்கு செய்தவர் எதிரே வந்தால்தான் தெரு மாறிப் போகிறோம், இல்லையா?

நெல்லித்தோப்பில் ஏழுமலையின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பாஸ்கர் சொன்னதையும் மறைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

“அப்ப என் மேல தப்பு இருந்திருந்தா, கூப்ட்டிருப்பாரா சார்?”

“ஆமாம்” என்றேன்.